அப்பாவின் நாற்பது வினாடி

அப்பா முப்பத்திரண்டு வருஷம் ஒரு ஓட்டலின் அடித்தளத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டார். அந்த முப்பத்திரண்டு வருஷத்தில் பத்தொன்பது சிறுகதைகள் எழுதினார். கடைசி இரண்டு வருஷம் அவருக்கு ஓட்டல் வேலை இல்லை. வீட்டு வேலையும் இல்லை. தனி அறை இருந்தது, மேசை இருந்தது, கணினி இருந்தது. அந்த இரண்டு வருஷத்தில் ஒரு நாவலை முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. ஏன் என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்துகொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

செப்டம்பர் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தே காலுக்கு அப்பா மேசை முன்னால் உட்கார்ந்தபடியே இறந்தார். இதயம். நான் தொழிற்சாலையில் இருந்தேன். நான் பம்புகளைச் சோதிக்கும் பிரிவில் பொறியாளர். அம்மா போன் செய்தபோது ஒரு பம்பு ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை அம்மா சொன்னது காதில் விழவில்லை. "என்னம்மா? கத்திச் சொல்லு" என்றேன். அம்மா கத்திச் சொன்னாள்.

மருத்துவமனையில் அப்பாவின் சட்டையை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது பொத்தான் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. "இதைக்கூடத் தைச்சுக் குடுக்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. 

வீட்டுக்கு வந்தபோது கணினி திறந்தபடி இருந்தது. நாவலின் பக்கம். அது போதும் எனக்கு. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்: "எழுதிக்கிட்டே போயிட்டார்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நல்ல சாவு என்றார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பிடிமானம் கிடைத்தது. அந்த மேசையை வாங்கிக் கொடுத்தவள் நான்.

ஒன்பதாம் நாள் சோப்பு மாமா வந்தார். சொந்தம் இல்லை. ஓட்டல் சலவைப் பிரிவில் அப்பாவோடு இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். துவைக்கிற பக்கம் அவருடையது, தேய்க்கிற பக்கம் அப்பாவுடையது. அதனால் அவர் சோப்பு, அப்பா இஸ்திரி. மேலே இருந்த மேனேஜர்களுக்கு அவர்களின் சொந்தப் பெயர் தெரியுமா என்பதே சந்தேகம்.

அம்மா டீ கொண்டுவந்தாள். "சர்க்கரை போடலைண்ணே. உங்களுக்கு ஆகாதே."

"போடும்மா. அவன் சர்க்கரையைத் தொடாம ஒழுங்கா இருந்து என்னத்தைக் கண்டான்?"

சொல்லிவிட்டுத் தானே அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"திருகாணி, இங்க வா." சின்ன வயதில் கையில் கிடைத்ததை எல்லாம் கழற்றிப் போடுவேன். அப்பா வைத்த பெயர். அவரும் சோப்பு மாமாவும் மட்டும் கூப்பிடுவார்கள். இனி ஒருவர் மட்டும். "எழுதிக்கிட்டே போனான்னு சொன்னியே. அந்தக் கடைசி வரியைப் படி. கேட்டுட்டுப் போறேன்."

"இன்னும் திறந்து பார்க்கலை மாமா."

"என்ன பொண்ணு நீ! ஊர்ல இருக்கற மெஷினை எல்லாம் பிரிச்சு மேயறே. அப்பன் எழுதினதைத் திறக்கப் பயமா?"

பயம்தான். "அடுத்த வாரம் வாங்க. முழுசாப் படிச்சுக் காட்டறேன்."

"முழுசா எல்லாம் வேணாம். கதையில வர்ற அவ, அந்த முந்நூத்தி எட்டாம் நம்பர் ரூமை விட்டு வெளியே போனாளா இல்லையான்னு மட்டும் சொல்லு. எட்டு வருஷமாக் கேக்கறேன். 'ரோலர்ல இருக்காடா, வரட்டும்'னே சொல்லிட்டிருந்தான். ராஸ்கல்."

ரோலர் என்பது அவர்களின் இஸ்திரி இயந்திரம். ஓர் ஆள் உயரத்துக்குச் சூடான உருளைகள். சோப்பு மாமா ஈர விரிப்பின் நுனியை இந்தப் பக்கம் விடுவார். அது உள்ளே போய்க் காய்ந்து, மடிப்பில்லாமல் அந்தப் பக்கம் வெளியே வர நாற்பது வினாடி. அப்பா அந்தப் பக்கம் நிற்பார். வந்ததைப் பிடித்து, நான்காக மடித்து, அடுக்குவார். மறுபடி நாற்பது வினாடி. ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு.

பள்ளி விடுமுறையில் அம்மா என்னை அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஜன்னல் இல்லாத அறை. நீராவி. பேசினால் கேட்காத சத்தம். அப்பா கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ரோலரின் வாயைப் பார்த்தபடி நிற்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது. விரிப்பு வந்தால் கை தானாக எழுந்து பிடிக்கும். ஐம்பது விரிப்புக்கு ஒரு தடவை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு துணிச் சீட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிப் பையில் போட்டுக்கொள்வார்.

துணிச் சீட்டு என்பது விரல் நீளக் காகிதம். விருந்தினர்களின் துணிகளில் அறை எண் எழுதிக் குத்தி வைப்பார்கள். அப்பாவின் பத்தொன்பது கதைகளும் அந்தச் சீட்டுகளில்தான் எழுதப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவற்றைத் தரையில் பரப்பி, வரிசை மாற்றி மாற்றி வைத்து, ஒரு நோட்டில் எழுதுவார். மின்விசிறியை யாரும் போடக் கூடாது. சிறு பத்திரிகைகளில் அச்சாயின. அங்கேயும் பெயர் 'இஸ்திரி' என்றுதான் போட்டுக்கொண்டார்.

ஒரு சீட்டு ஒரு தடவை கைமாறிப் போனது. அப்பா வாழ்நாள் முழுவதும் சொல்லிச் சிரித்த கதை இது. ஒரு விருந்தினரின் வெள்ளைச் சட்டையில், அறை எண் சீட்டுக்குப் பதிலாகக் கதைச் சீட்டைக் குத்தி அனுப்பிவிட்டார். சட்டையைப் பிரித்தவர் விருந்தினரின் மனைவி. சீட்டில் இருந்தது: 'அவன் இன்றைக்கு வந்துவிடுவான் என்று அவள் இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்தாள்.'

வரவேற்பறையில் ரகளை. மேனேஜர் அப்பாவை மேலே வரச் சொன்னார். முப்பத்திரண்டு வருஷத்தில் அப்பா லாபியின் கம்பளத்தில் கால் வைத்தது அன்று ஒரு நாள்தான்.

"யாருய்யா அந்த அவள்?"

"கதையில வர்றவ சார்."

"எந்தக் கதை?"

"இன்னும் எழுதலை சார்."

மேனேஜருக்கு முகம் சிவந்துவிட்டது. விருந்தினர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அந்த மனைவி மட்டும் சீட்டை இன்னொரு தடவை படித்துவிட்டு அப்பாவிடம் கேட்டாராம்: "அப்புறம்? அவன் வந்தானா?"

"அந்தம்மாதான்டா என் முதல் வாசகி" என்பார் அப்பா. "அப்புறம்னு கேட்டாங்க பாரு. அதுக்கு மேல ஒரு பட்டம் கிடையாது."

நாவலும் ரோலரில் பிறந்ததுதான். அப்பா விருந்தினர்களைப் பார்த்ததே இல்லை. அவர்களின் விரிப்புகளைப் பார்த்தார். முந்நூற்று எட்டாம் அறையிலிருந்து வரும் இரட்டைக் கட்டில் விரிப்பு ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருக்கும். மறு பக்கம் போட்ட மாதிரியே இருக்கும். மாதக்கணக்கில் அப்படியே வந்தது. யாரோ ஒருவர் அந்த அறையிலேயே தங்கிவிட்டார், இன்னொருவருக்கு இடம் விட்டுப் படுக்கிறார். ஆணா பெண்ணா என்றுகூட அப்பாவுக்குத் தெரியாது. பெண் என்று வைத்துக்கொண்டார். அவள் ஏன் வந்தாள், யாருக்கு இடம் விடுகிறாள், எப்போது வெளியே போவாள். எட்டு வருஷத்தில் இதற்கு அறுபது பக்கம் சேர்ந்திருந்தது.

அறுபத்து நான்கு வயதில் அப்பாவுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தது. மருத்துவர் வெப்பத்தில் நிற்கக் கூடாது என்றார். நான் அதோடு நிறுத்தவில்லை. ஒரு வாரம் லீவு போட்டு அப்பாவைக் கவனித்தேன். கையில் நிறுத்துக் கடிகாரம். தொழிற்சாலையில் ஓர் ஆளின் வேலை நேரத்தை அளப்பதுபோல அளந்தேன். ஓட்டல் வேலை, பேருந்துக்குக் காத்திருப்பது, பாத்திரம் கழுவுவது, துணி துவைப்பது, காய் நறுக்குவது, வரிசையில் நிற்பது. எல்லாம் சேர்த்து வாரத்துக்கு அறுபத்தொரு மணி நேரம். எழுதுவது இரண்டு மணி பத்து நிமிடம்.

தாளில் போட்டுக் காட்டினேன். "இந்த அறுபத்தொண்ணும் எடுத்துட்டா வாரத்துக்கு முப்பது மணி நேரமாவது நிம்மதியா எழுதலாம்ப்பா. அஞ்சு மாசத்துல நாவல் முடிஞ்சிடும்."

அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்தார். "ரோலர் பக்கத்துல நிக்கறதை எதுல போட்டிருக்கே?"

"காத்திருப்புல. அது வீண் நேரம்தானே."

"ம்" என்றார். "கணக்கு சரியாத்தான் இருக்கு."

கணக்கு சரியாக இருந்தது. தலைப்புதான் தவறு. அது எனக்கு அப்போது மண்டையில் ஏறவில்லை.

இருவரையும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கிழக்கு அறையை அப்பாவுக்கு ஒழித்துக் கொடுத்தேன். தேக்கு மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, கணினி. பாத்திரத்துக்கும் சமையலுக்கும் ஓர் அக்கா வந்தார். சாமான்கள் வாசலுக்கே வந்தன. புது சலவை இயந்திரம் வந்தது. இஸ்திரிப் பெட்டி பரணுக்குப் போனது. தேய்க்கிற துணி கடைக்குப் போனது. "இனிமே நீங்க ஒரு துணியைத் தொடக் கூடாது. தொட்டா நான் சண்டை போடுவேன்" என்றேன். அப்பா மேசையைத் தடவிப் பார்த்தார். இஸ்திரி போட்டுக் காய்த்த கை. "மாப்பிள்ளை வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

தினமும் காலை ஒன்பது மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். பன்னிரண்டுக்கு வெளியே வருவார். நான் வீட்டில் இருக்கும் நாட்களில் கேட்பேன்: "எப்படிப்பா போகுது?"

"ரோலர்ல இருக்கு."

நடந்து பாருங்கள், யோசனை வரும் என்றேன். ஒரு மாதம் நடந்தார். "மூச்சுதான் வருது. கை சும்மா தொங்கிட்டு வருதே, அதுக்கு ஒரு வேலை வேணாமா?" என்றார். கிண்டல் என்று நினைத்தேன்.

சோப்பு மாமா போன பிறகு கணினியில் நாவலின் கோப்பைத் திறந்தேன். கடைசி வரி இருந்தது. அதன் தேதியையும் பார்த்தேன். நான் எதையும் தேதியோடு பார்க்கிறவள். அந்த எழுதும் மென்பொருள், ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் அந்த நேரத்துப் பிரதியைத் தனியாக வைத்துக்கொள்ளும். எந்த நாளில் எந்த வரி சேர்ந்தது, எது அழிந்தது என்று பின்னோக்கிப் பார்க்கலாம். நான்தான் அப்படி அமைத்துக் கொடுத்தேன், எதுவும் தொலைந்துவிடக் கூடாது என்று.

கடைசி வரி பிப்ரவரியில் எழுதப்பட்டது. அப்பா இறந்தது செப்டம்பரில்.

நடுவில் இருந்த ஆறு மாதத்துக்கு மேற்பட்ட காலத்தில் கோப்பு தினமும் திறக்கப்பட்டிருந்தது. தினமும் மூடப்பட்டிருந்தது. 'அவள்' என்ற ஒரு சொல் நாற்பத்தேழு தடவை அடிக்கப்பட்டிருந்தது. நாற்பத்தேழு தடவையும் அழிக்கப்பட்டிருந்தது. இறந்த அன்று காலை ஒன்பது பத்துக்குத் திறந்திருக்கிறார். அன்று அந்தச் சொல்கூட இல்லை.

எழுதிக்கொண்டே போகவில்லை. நான் எத்தனை பேரிடம் சொன்னேன்!

முதலிலிருந்து பார்த்தேன். ஆரம்ப எட்டு மாதம் பழைய அறுபது பக்கத்தை ஒரு விரலால் தட்டி ஏற்றியிருக்கிறார். புதிதாக ஒரு வரி இல்லை. பிறகு ஒரு பிப்ரவரியில், ஒரே வாரத்தில், ஆயிரத்தெண்ணூறு சொற்கள். அப்புறம் மூன்று மாதம் ஒன்றுமில்லை. மே மாதம் ஒரு வாரம், இரண்டாயிரம். மறுபடி ஒன்றுமில்லை. ஆகஸ்டில் ஒரு வாரம். நவம்பரில் ஒரு வாரம். அடுத்த பிப்ரவரியில் ஒரு வாரம். அவ்வளவுதான். ஐந்து வாரங்கள். ஐந்தும் திங்கட்கிழமை ஆரம்பித்து சனிக்கிழமை முடிந்தன.

அந்த ஐந்து தேதிகளையும் நான் எங்கேயோ பார்த்திருந்தேன். அது என் கையெழுத்தில் இருந்தது.

வீட்டில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரு தாள் ஒட்டி வைப்பேன். தேதி, கோளாறு, காரணம், தீர்வு. சலவை இயந்திரத்துத் தாள் அதன் மேல் அலமாரிக் கதவின் உள்பக்கம் இருக்கிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே நின்று ஒப்பிட்டேன். ஐந்து கோளாறு. ஐந்தும் திங்கட்கிழமை. ஐந்திலும் கோளாறு: தண்ணீர் வெளியேறவில்லை. காரணம்: வடிகால் பம்பில் பொத்தான். தீர்வு: எடுத்தாயிற்று.

எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கை ஒழியும். திங்கட்கிழமை நின்ற இயந்திரம் ஞாயிறு வரை நிற்கும். வெளி ஆளைக் கூப்பிட நான் விடமாட்டேன். வீட்டில் ஒரு பம்பு பொறியாளர் இருக்கும்போது இன்னொருவன் வந்து பம்பைக் கழற்றுவதா? அந்த ஆறு நாளும் அப்பா பின்பக்கம் வாளியை வைத்துக்கொண்டு மூன்று பேர் துணியையும் துவைப்பார். பரணிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இறக்குவார். நான் வருத்தப்படுவேன். "பாவம்ப்பா நீங்க. கொஞ்சம் பொறுங்க, ஞாயித்துக்கிழமை சரி பண்ணிடறேன்" என்பேன்.

"அவசரம் இல்லடா திருகாணி. மெதுவாப் பண்ணு."

ஐந்தாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது. பொத்தான் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தேன். ஓட்டலில் விருந்தினர்களின் உடைந்த பொத்தானுக்கு மாற்றாக ஒரு டப்பா நிறையப் பொத்தான் வைத்திருப்பார்கள். ஓய்வுபெற்றபோது அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அதிலிருந்து சிதறுகிறது என்று முடிவு செய்தேன். டப்பாவைத் தையல் கடைக்குக் கொடுத்துவிட்டேன். சட்டைப் பொத்தான்களை எல்லாம் இரட்டை நூல் போட்டுத் தைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். அதற்கும் மேலே, தொழிற்சாலையிலிருந்து துருப்பிடிக்காத வலை ஒரு துண்டு வெட்டிவந்து, தொட்டியிலிருந்து பம்புக்குப் போகும் குழாயின் வாயில் பொருத்தினேன். தண்ணீர் போகும், பொத்தான் போகாது. அப்பா பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நிக்கவே நிக்காதுப்பா."

"நிக்காதா?"

"பத்து வருஷத்துக்கு உத்தரவாதம்."

"கெட்டிக்காரி" என்றார் அப்பா. டார்ச்சை அணைத்தார்.

தாளில் அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. கோப்பிலும் இல்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விரிப்பு ஒரு பக்கம் மட்டும் கசங்கியிருந்தது. நான் அதைப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, மெஷின்ல பொத்தானைப் போட்டது அப்பாவா?"

"முதல் தடவை தானா விழுந்தது" என்றாள். "அந்த வாரம் துவைக்கறப்ப பாதியில எழுந்து ஓடினார். கையில நுரை. என்னமோ ஏதோன்னு பின்னாடியே ஓடறேன், மேசைல உக்காந்து டொக்கு டொக்குன்னு தட்டிட்டிருக்கார். 'அவ பேசிட்டா'ங்கறார். அடுத்த தடவை அவரே போட்டார். கதவு ரப்பருக்கு அடியில தள்ளிவிட்டதை நான் பார்த்தேன். சின்னப் பிள்ளை மாதிரி, யார்கிட்டேயும் சொல்லாதேன்னார்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே! மெஷினைத் தூக்கிப் போட்டிருப்பேனே!"

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அவ ஆசையாப் பண்ணிக் குடுத்தது. அந்த மேசைகிட்ட நான் உக்காந்திருக்கறதைப் பார்க்கறப்ப அவ மூஞ்சியைப் பார்த்திருக்கியா நீ'ன்னு கேட்டார். நான் அப்புறம் பேசலை."

"நான் வேலைக்குப் போனதும் கையால துவைச்சிருக்கலாமே."

"ஒரு நாள் துவைச்சார். வரலைன்னார். 'மெஷின் சும்மா நின்னு என்னையே பார்க்குது. நடிக்கறவன் தலைக்குள்ள யார் வருவா? துணி நிஜமாக் காத்துக்கிட்டிருக்கணும்'னார். எனக்கு அதெல்லாம் புரியாது. நீ வலை போட்டப்புறம் விட்டுட்டார்னு நினைச்சேன்."

அந்த நிமிஷம் நானும் அப்படித்தான் நம்பினேன்.

மறு வாரம் சோப்பு மாமா வந்தபோது சலவை இயந்திரம் தரையில் பிரிந்து கிடந்தது. அந்த வலையை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. அது அங்கே இருப்பதைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். இனி வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரும் எதையும் போடப்போவதில்லை.

"என்னடி இது, துக்க வீட்டுல ஒர்க் ஷாப் வெச்சிருக்கே" என்றபடி மாமா ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். ரோலர், காத்திருப்பு, தாள், ஐந்து திங்கட்கிழமை. நடுவில் அவர் குறுக்கே பேசவில்லை. சோப்பு மாமா அவ்வளவு நேரம் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

"எங்களுக்குத் தெரியுமே" என்றார் கடைசியில். "கரண்ட் போய் ரோலர் நின்னா நாங்க எல்லாம் வெளியே போய்க் காத்து வாங்குவோம். அவன் மட்டும் துடிப்பான். 'நடுவுல நின்னுடுச்சுடா, நடுவுல நின்னுடுச்சுடா'ம்பான். விரிப்பைச் சொல்றான்னு புதுசா வந்தவன் நினைச்சுப்பான்."

குழாயின் இறுக்கியைத் தளர்த்தினேன். குழாய் கழன்றது. வலையை வெளியே இழுத்தேன்.

வலையோடு பொத்தான்கள் வந்தன.

தரையில் கொட்டினேன். ஒன்பது. எல்லாம் வெள்ளை. ஒன்பது பொத்தானால் தண்ணீர் நிற்காது. வலையின் பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட அடைபடாது. பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் என்றேனே, அது சரியான கணக்கு. பிப்ரவரியிலிருந்து செப்டம்பருக்குள் ஒன்பது தடவை அப்பா பொத்தானைப் போட்டுவிட்டு, உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, அது நிற்பதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

டப்பாவை நான் கொடுத்துவிட்டேன். இவை எங்கிருந்து வந்தன?

அம்மா குனிந்து ஒன்றை எடுத்தாள். அதன் துளைகளில் நூல் இருந்தது. இரட்டை நூல். அடுத்ததிலும் இருந்தது.

"இது அவர் கோடு போட்ட சட்டை" என்றாள். "இது சாம்பல் கலர். மாசம் ஒண்ணு, சமயத்துல ரெண்டு காணாமப் போகும். எங்கே போய் உரசிட்டு வர்றீங்கன்னு திட்டுவேன். ரெட்டை நூல் போட்டதாச்சே, எப்படி அறுந்துதுன்னு யோசிப்பேன்." ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டாள். மற்றவற்றின் நூல் வெளுத்திருந்தது. அதில் நூலின் நீலம் போகவில்லை. "அன்னிக்குப் போட்டிருந்த சட்டை. முந்தின ராத்திரிதான் பார்த்தேன், எல்லாப் பொத்தானும் இருந்தது. காலையில மெஷின்ல துணி போடப் போறேன், 'இன்னிக்கு நான் போடறேனே'ன்னு வாங்கிட்டுப் போனார்."

நான் அவளிடம் மருத்துவமனையில் கேட்ட கேள்வி எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

ஒன்பது பத்துக்குச் சற்று முன்னால் துணி போட்டிருப்பார். ஒன்பது பத்துக்குக் கோப்பைத் திறந்திருக்கிறார். அந்த இயந்திரம் ஒரு சுற்று முடிக்க ஒரு மணி ஐந்து நிமிடம். முடிந்ததும் மூன்று தடவை மணி அடிக்கும். அப்பா போனது பத்தே காலுக்கு. நான் அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

சோப்பு மாமா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டிருந்தார். "போக்கிரிப் பய" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "போக்கிரிப் பய." பிறகு துண்டை எடுத்தார். கண் சிவந்திருந்தது. "சரி. சொன்ன வாக்கைக் காப்பாத்து. கடைசி வரியைப் படி."

எழுந்து போய்க் கணினியைக் கொண்டுவந்தேன். கையில் கிரீஸ். அப்படியே திறந்தேன். பிப்ரவரி, சனிக்கிழமை, மாலை நாலு மணிக்கு அப்பா கையின் ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தட்டிய வரி. உரக்கப் படித்தேன்.

"'அன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, கதவோரம் கிடந்த செருப்பை எடுத்து, வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைத்தாள்.'"

மாமா முக்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள்.

"அப்புறம்?" என்றார் மாமா.

"மெஷின் நிக்கலை மாமா" என்றேன்.